நம்பர் மாறாது

காலை வகுப்புக்குக் கிளம்பி அவள் கதவைத் திறந்தபோது வெளிப்பக்கக் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அந்த மாடியில் இன்னும் இரண்டு அறைகள் இருந்தன. யாருடைய பையோ தவறி இங்கே மாட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தாள். விரித்துப் பார்த்தாள். அவளுடைய தைராய்டு மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு. பழைய வீட்டுக் கொடியில் விட்டுவந்த ஊதாக் காலுறை, துவைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி. வேறு எதுவும் இல்லை. சுட்டதுபோல் பையை விட்டுவிட்டு மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். படியில் யாருமில்லை. கீழ்த்தளத்தில் யாரோ பல் துலக்கிக் காறித் துப்பும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது கைப்பைக்குள் கைபேசி சிணுங்கியது. கணவனிடமிருந்து செய்தி. 'மாத்திரையை விட்டுட்டுப் போயிட்ட. வெறும் வயித்துல போடணும், மறந்துடாத.'

இந்த அறையின் முகவரி அவனுக்குத் தெரியாது. அவனுக்கென்ன, யாருக்குமே தெரியாது. வீட்டை விட்டு வந்த பிறகு முதல் வாரம் ஒரு விடுதியில் இருந்துவிட்டு, அவனுடைய அலுவலகம், அவனுடைய நண்பர்கள், அவன் முடி வெட்டிக்கொள்ளும் கடை எல்லாவற்றுக்கும் எதிர்த்திசையாகப் பார்த்துப் பிடித்த அறை இது. உடன்பிறந்தவளிடம்கூட ஊரின் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று மழுப்பித்தான் சொல்லியிருந்தாள். கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். போலீசுக்குப் போகலாமா என்று ஒரு நினைப்பு வந்து, வந்த வேகத்திலேயே போனது. போய் என்னவென்று சொல்வது? என் புருஷன் எனக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தான், காலுறையைத் துவைத்துக் கொடுத்தான், அவனைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்றா? எழுதிக்கொள்ளும் காவலர் வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வட்டாரத்தில் அவளுக்குக் கார் டீச்சர் என்று பெயர். பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். பழைய வெள்ளைக் கார், கூரையில் ஒரு முக்கோணப் பலகை, நான்கு பக்கமும் பெரிய சிவப்பு எழுத்தில் அவளுடைய கைபேசி எண். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய எண் அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் பெயரைச் சொல்லத் தடுமாறினாலும் அதைச் சொல்லிவிடுவாள். கற்றுக்கொள்ள வருபவர்களில் பாதிப்பேர் வீட்டுக்குத் தெரியாமல் வருபவர்கள். சிலர் இரண்டு வகுப்போடு நின்றுவிடுவார்கள். மாமியாருக்குத் தெரிந்துவிட்டது என்பார்கள், கைக்குழந்தை அழுகிறது என்பார்கள். சிலர் விசாரித்துவிட்டு வரவே மாட்டார்கள். அவர்கள் தங்கள் போனில் அவளை வேறு வேறு பெயரில் பதிந்து வைத்திருந்தார்கள். ஒருத்திக்கு அவள் பிளம்பர், இன்னொருத்திக்குப் பல் டாக்டர், ஒருத்திக்குப் பொம்மைக் கடை. இறக்கிவிடும்போது எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வாள். "எப்பத் தைரியம் வருதோ அப்பக் கூப்பிடுங்க. எத்தனை வருஷமானாலும் சரி. என் நம்பர் மாறாது."

கணவன் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை விசாரிப்பவன். குரலை உயர்த்திப் பேசியதில்லை. வண்டி மோதியதில் நிஜம் எவ்வளவு, நடிப்பு எவ்வளவு என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. அந்த வேலையை அவன் வீட்டுக்கும் கொண்டுவந்தான். சாப்பிட்டுக்கொண்டே, தண்ணீரை எடுத்துக் குடித்துக்கொண்டே, "இன்னிக்கு மத்தியானம் ஒருத்தரோட ரொம்ப நேரம் பேசியிருக்கியே, யாரு அது?" என்பான். சொன்னால் தலையாட்டுவான். இரண்டு நாள் கழித்து அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்பான். இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பான். அவன் கை நீட்டியது ஒரே ஒரு தடவைதான். அதற்குக்கூட அவள் பயந்துவிடவில்லை. அடித்த மறுநிமிடம் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து கன்னத்தில் வைத்து, "எப்படி விழுந்த? சொல்லு பாப்போம்" என்று கேட்டானே, அதற்குத்தான் பயந்தாள். குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். "எந்தக் கால் வழுக்குச்சு?" என்று கேட்டான்.

வகுப்புகளை ரத்து செய்துவிட்டு, கடைவீதியில் எல்லா கம்பெனி சிம்மும் விற்கும் ஒரு போன் கடைக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்த பெண் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கணினியைத் தட்டியபடி மறு கையால் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். போனில் இருக்கும் இருப்பிட வசதியை எல்லாம் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன், அப்படியும் நான் இருக்கும் இடம் இன்னொருவருக்குத் தெரியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டாள் கார் டீச்சர். அந்தப் பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

"ஃபேமிலி பிளான்ல இருக்கீங்க மேடம். மூணு நம்பர் இருக்கு. மெயின் நம்பர்ல இருக்கறவங்களுக்கு நீங்க யாருக்குப் பேசறீங்க, எங்க இருக்கீங்க எல்லாமே தெரியும். போன்ல ஆஃப் பண்ணா நிக்காது. டவர்லேர்ந்து எடுக்கறது."

"அப்ப இப்ப நான் இங்க இருக்கறதும்..."

"பாத்தாங்கன்னா தெரியும்." தெரு தெரிந்தால் போதும், வாசலில் நிற்கும் கார் மிச்சத்தைச் சொல்லிவிடும் என்று கார் டீச்சருக்கு உறைத்தது.

புது எண் வாங்கிக்கொள்ளுங்களேன், இதோ இப்போதே முடித்துவிடலாம் என்றாள் அந்தப் பெண். கார் டீச்சருக்கும் ஒரு கணம் அது சரியென்றே பட்டது. சிம்மைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு நடக்கலாம். ஆனால் பிளம்பரையும் பல் டாக்டரையும் பொம்மைக் கடையையும் நினைத்தாள். ஏதோ ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவர்களில் ஒருத்தி கூப்பிடுவாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு இயந்திரக் குரல் சொல்லும். அவள் மறுபடி கூப்பிட மாட்டாள். அதோடு வீட்டை விட்டாயிற்று, கட்டில் பீரோவை விட்டாயிற்று, பால்கனியில் வளர்த்த செடிகளை விட்டாயிற்று. இதையும் அவனிடமே விட்டுவிட்டு வர வேண்டுமா என்று ஒரு வீம்பும் இருந்தது.

"நம்பர் அப்படியே இருக்கணும். கம்பெனி மட்டும் மாறணும். முடியுமா?"

முடியும். இந்த எண்ணிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பினால் பதிலுக்குக் 'கோடு' என்று ஒரு ரகசிய எண் வரும், அதை வைத்து வேறு கம்பெனிக்கு மாற்றிவிடலாம். ஆனால் ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, இந்த எண்ணை இவருக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவள் முகம் விழுந்துவிட்டதைப் பார்த்துக் கவுன்ட்டர் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். அங்கே இருந்தது கணவனின் பெயரல்ல. அவன் தங்கையின் பெயர். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை ஊழியர்களுக்குக் கட்டணத்தில் சலுகை என்று யாரோ சொல்ல, மூன்று எண்களையும் அவள் பெயருக்கு மாற்றி, மெயின் நம்பரை மட்டும் அவன் வைத்துக்கொண்டது இப்போதுதான் கார் டீச்சருக்கு நினைவுக்கு வந்தது.

"இன்னொண்ணு மேடம்," என்று குரலைத் தாழ்த்தினாள் அந்தப் பெண். "ஒரு நம்பர் வெளிய போகுதுன்னா பிளான்ல இருக்கற எல்லாருக்கும் மெசேஜ் போகும். அது தானாப் போறது. எங்களால நிறுத்த முடியாது."

வெறுங்கையோடு போகக்கூடாது என்று தோன்றியதால் திரைக்கு ஒட்டும் கண்ணாடித் தாள் ஒன்று வாங்கி அங்கேயே ஒட்டிக்கொண்டாள். நினைத்தது சரியாகப் போயிற்று. சாயங்காலம் அவன் கூப்பிட்டான். "போன் கடையில என்ன வேலை?" திரை கீறிப்போயிருந்தது, தாள் மாற்றினேன் என்றாள். "நல்லது. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்றான். அனுப்பினாள். பதிலுக்கு உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. இன்னொரு தடவை அதே கடைக்குப் போனால் சொல்வதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

நாத்தனாரை அந்த வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதை எட்டப்போகிறாள், இன்னும் பாப்பாதான். கல்யாணமாகாமல் அண்ணன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, அண்ணன் பார்த்துக்கொடுத்த வீட்டில் இருந்தாள். யாரும் கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையிலிருந்து அவன் தட்டைத் தட்டிவிட்டபோது, யாரும் எதுவும் சொல்லும் முன்பே பாப்பா எழுந்து துடைப்பத்தை எடுத்துவந்தாள். துடைப்பம் எங்கே இருக்கிறது என்று தேடக்கூட இல்லை. அவள் அண்ணன் பக்கமா, அண்ணி பக்கமா என்பது கார் டீச்சருக்கு இத்தனை வருஷமும் தெரியாது. பக்கம் என்று ஒன்று அவளுக்கு உண்டா என்பதே சந்தேகம். அவளிடம் போய்க் கேட்பது, கேட்ட வேகத்தில் அவன் காதில் போட்டதாகவும் ஆகலாம். ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, போய்த்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தாள்.

காலையில் கைபேசியைச் சார்ஜில் போட்டு அறையிலேயே வைத்துவிட்டாள். காரும் எடுக்கவில்லை. நான்கு பக்கமும் எண்ணை எழுதிக்கொண்டு ஒளிந்து போக முடியுமா? பஸ்ஸில் முன்பக்க ஓரமாக, ஜன்னலுக்கு எதிர்ப்புறம் பார்த்தபடி நின்று போனாள். போன் இல்லாத கை அடிக்கடி பைக்குள் போய்ப் போய் வந்தது.

கண்ணாடிக் கடையில் முதலாளி கல்லாவில் இருந்தார். பாப்பா அவளைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "வாங்க மேடம், உக்காருங்க. ஃப்ரேம் பாக்கணுமா?" என்றாள், முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல. உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு ஃப்ரேமை மாட்டி, கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கச் சிறு அளவுகோலோடு முகத்துக்கு நேராகக் குனிந்தாள். இருவர் மூச்சும் ஒன்றன்மேல் ஒன்று பட்டது. இவ்வளவு பக்கத்தில் பாப்பாவின் முகத்தை அவள் பார்த்ததேயில்லை. புருவத்துக்குள் மறைந்து ஒரு பழைய தழும்பு இருந்தது.

"என் மூக்கைப் பாருங்க அண்ணி. பேசறது தெரிய வேணாம்," என்றாள் பாப்பா, உதடு அசையாமல்.

கார் டீச்சர் சொன்னாள். பையைச் சொன்னாள், மாத்திரையைச் சொன்னாள், ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரைச் சொன்னாள். பாப்பா ஒரு ஃப்ரேமைக் கழற்றி இன்னொன்றை மாட்டினாள். காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துச் சரிசெய்த விரல்கள் சில்லிட்டிருந்தன. அந்த நேரம் பார்த்துக் கவுன்ட்டர் மேலிருந்த பாப்பாவின் போன் அதிர்ந்து கண்ணாடிப் பரப்பின் மேல் மெல்ல நகர்ந்தது. 'அண்ணன்' என்று ஒளிர்ந்தது. பாப்பா எடுக்காமல் இருந்துவிடவில்லை. ஒரு கையால் அண்ணியின் முகத்திலிருந்த ஃப்ரேமைப் பிடித்தபடியே எடுத்துக் காதில் வைத்தாள். அவன் பேசியது கார் டீச்சருக்கும் கேட்டது. அதே நிதானமான குரல்.

"பாப்பா, அவ காலையிலேர்ந்து ரூமை விட்டு அசையவே இல்ல. கிளாசுக்கும் போகல. உடம்பு கிடம்பு சரியில்லயோ என்னமோ. நீ ஒரு போன் போட்டுக் கேளேன்."

"கஸ்டமர் இருக்காங்கண்ணே."

"யாரு?"

பாப்பா அண்ணியின் கண்ணையே பார்த்தாள். "யாரோ ஒரு வயசான அம்மாண்ணே. கிட்டப்பார்வை."

"சரி, அப்புறமாக் கேட்டுச் சொல்லு."

போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு பாப்பா அளவுகோலைப் பழையபடி மூக்கின் மேல் வைத்தாள். "நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல வரேன். நீங்க முன்னாடியே போயிடாதீங்க அண்ணி. எனக்கு முன்னால நீங்க அங்க இருந்தா அவன் பாத்துருவான். நான் உள்ள போன பிறகு வாங்க." அண்ணனை அவள் அவன் என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் போன் கடைக்கு எதிரில் ஒரு மருந்துக்கடை வரிசையில் நின்றாள் கார் டீச்சர். கோடு வருவதற்குப் போன் வேண்டும் என்பதால் இன்றைக்கு அதைக் கையில் எடுத்தே வர வேண்டியிருந்தது. மருந்துக்கடைக்கும் போன் கடைக்கும் டவரில் எவ்வளவு வித்தியாசம் தெரியும் என்று யோசித்தாள். பாப்பா தலையைக் குனிந்தபடி வந்து உள்ளே நுழைந்தாள். பத்து மூச்சு விட்டுவிட்டு இவளும் நுழைந்தாள். கவுன்ட்டர் பெண் இன்றைக்குப் பிஸ்கட் தின்னவில்லை. நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டு, "சீக்கிரம் முடிச்சிரலாம் மேடம்," என்றாள். பாப்பா அட்டையைக் காட்டினாள், கேமரா முன்னால் முகத்தைக் காட்டினாள். 'விட்டுத் தரச் சம்மதமா?' என்ற கேள்விக்குச் சம்மதம் என்று சத்தமாகவே சொன்னாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போன் கவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார். கார் டீச்சர் மெசேஜ் அனுப்பினாள். கோடு வந்தது. கவுன்ட்டர் பெண் அதைக் கணினியில் தட்டினாள்.

மூன்று போன்களுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போயிருக்க வேண்டும். இங்கே இருந்த இரண்டும் ஒரே நேரத்தில் சிணுங்கின. மூன்றாவது எங்கே, எந்த விபத்தின் பக்கத்தில், யார் கையில் சிணுங்கியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கவுன்ட்டர் மேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூப்பிட்டான். விட்டுவிட்டுக் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். "எடுக்காதீங்க," என்றாள் கவுன்ட்டர் பெண். அவளுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்ச நேரந்தான். பழைய சிம் செத்துரும். புதுசுல உயிர் வர மூணு நாலு மணி நேரம் ஆகலாம், முன்னாடியும் வரலாம்." அடித்துக்கொண்டிருந்த போன் ஒலியின் நடுவிலேயே, யாரோ வாயைப் பொத்தியதுபோல் நின்றது. மேல்மூலையில் 'சேவை இல்லை' என்று வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த எண்ணில் அவள் இல்லை. யார் கூப்பிட்டாலும் இல்லை. அதை நினைத்தால் நிம்மதிதான் வர வேண்டும், வரவில்லை. இருட்டில் படி இருக்கிறது என்று கால் வைத்து இல்லாமல் போனதுபோல் இருந்தது.

அடுத்த கணம் பாப்பாவின் போன் தொடங்கியது.

பாப்பா அதைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. "இந்த நம்பரையும் மாத்தணும்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

"பாப்பா, வேணாம். உனக்கு வீடு அங்க இருக்கு. வேலை இருக்கு," என்றாள் கார் டீச்சர்.

"நீங்க வந்து எத்தனை வருஷம் அண்ணி? நான் பொறந்ததுலேர்ந்து அவன்கூட இருக்கேன்." கை அறியாமல் புருவத்துக்குப் போய்த் திரும்பியது. "இன்னிக்கு இதை விட்டுட்டுப் போனேன்னா ராத்திரி வந்து கேப்பான். எந்தக் கையால அட்டையைக் காட்டினேன்னு கேப்பான்."

"ஒப்பந்தம் உங்க பேர்லதான் இருக்கு. அதே மெசேஜை அனுப்பினாப் போதும்," என்றாள் கவுன்ட்டர் பெண்.

அனுப்புவதற்குப் போன் ஓய வேண்டுமே. பாப்பா நான்கு எழுத்து தட்டுவாள். திரை முழுக்க 'அண்ணன்' வந்து எழுத்தை விழுங்கும். துண்டித்துவிட்டு மறுபடி தொடங்குவாள், மறுபடி வரும். போனையே அணைத்துவிட்டால் அனுப்பவும் முடியாது. விரல்கள் வியர்த்து எழுத்துகள் மாறி விழுந்தன. கார் டீச்சர் தன் கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டாள். பதற்றப்பட்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும் பெண்களுக்கு அப்படித்தான் வைப்பாள். அழைப்பு அடங்கிய ஒரு நொடி இடைவெளியில் பாப்பா கடைசி எண்ணையும் தட்டி அனுப்பிவிட்டாள். கோடு வந்தது. அதன் பிறகு, பழைய சிம்மில் இன்னும் உயிர் இருந்தும், அழைப்பு வரவில்லை.

வராததுதான் பயமாக இருந்தது. கூப்பிடுகிறவரை அவன் எங்கோ நின்று கூப்பிடுகிறான். கூப்பிடுவதை நிறுத்திவிட்டான் என்றால் கிளம்பிவிட்டான். அவன் அலுவலகத்திலிருந்து இங்கே வர எவ்வளவு நேரமாகும் என்று கார் டீச்சருக்குத் தெரியும். எந்தச் சிக்னலில் நிற்பான், எந்தச் சந்தில் புகுந்து வருவான் என்பதுகூடத் தெரியும். வெளியே போனால் இரண்டு பக்கமும் நீளமான தெரு. "இப்ப வெளிய போகாதீங்க," என்றாள் கவுன்ட்டர் பெண், அவளுடைய பார்வை கதவுக்குப் போவதைப் பார்த்து. "பின்னால ஸ்டோர் ரூம் இருக்கு. உக்காருங்க."

போன் பெட்டிகளும் பழைய விளம்பரத் தட்டிகளும் அடுக்கிய சிறிய அறை. கதவுக்குப் பதில் ஒரு திரைச்சீலை. ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, புது சிம் போட்ட இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். பசித்தது, யாரும் அதைச் சொல்லவில்லை. முன்பக்கக் கதவில் ஆள் நுழைந்தால் ஒரு மணி ஒலித்தது. ஒரு தடவை ஒலித்தபோது ஒரு பெண் சார்ஜர் விலை கேட்டாள். இன்னொரு தடவை சிரித்துப் பேசிக்கொண்டு இரண்டு பேர் வந்து போனார்கள். ஒவ்வொரு தடவையும் பாப்பா தன் முழங்கால்களை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"எங்க போறது அண்ணி?" என்று கேட்டாள், மூச்சு மட்டும் கேட்கும்படி.

கார் டீச்சருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோது மணி ஒலித்தது. செருப்புச் சத்தம் அல்ல, ஷூ. இரண்டு எட்டு வைத்து நின்றது.

"வாங்க சார்," என்றாள் கவுன்ட்டர் பெண். அவள் குரல் வழக்கத்தைவிட ஒரு பிடி உயர்ந்திருந்தது. "என்ன வேணும்?"

"ஒரு நம்பரைப் பத்தி விசாரிக்கணும்," என்றது அதே நிதானமான குரல். அந்த நேரத்தில் அட்டைப்பெட்டியின் மேல் ஒரு போன் தானாக விழித்து ஒளிர்ந்தது. மேல்மூலையில் சிக்னலின் ஒரு சிறு கோடு எழுந்தது, பிறகு இன்னொன்று. பாப்பா பாய்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கார் டீச்சர் அவள் கையின் மேல் தன் கையை வைத்தாள். இருவர் விரல் இடுக்குகளிலும் வெளிச்சம் கசிந்து திரைச்சீலையின் மேல் மெலிதாக அசைந்தது.